குளியல் தொட்டிக்கு அடியில் மோஷ்

எங்கள் தெருவை இடித்துப் பெரிய கட்டடங்கள் கட்டப்போவதாக முடிவானதும், தாஷ்கந்தின் இன்னொரு ஓரத்தில் ஆறாவது மாடியில் எங்களுக்கு ஒரு வீடு ஒதுக்கினார்கள். மூன்று அறைகள், ஒரு சமையலறை, எப்போது திறந்தாலும் வெந்நீர் வரும் குளியலறை. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். லாரி ஓட்டும் அப்பா ஒரே நாள் தங்கி அலமாரிகளைச் சுவரோடு பொருத்திவிட்டு மலைப்பாதைச் சவாரிக்குக் கிளம்பிப் போனார். ஒத்துக்கொள்ளாதது மோஷ் மட்டும்தான்.

மோஷ் எங்கள் பூனை. மோஷ் என்றால் பாசிப்பயறு. அதன் முதுகு ஏறக்குறைய அந்த நிறம். பழைய வீட்டு முற்றத்தில் ரொட்டி அடுப்பு அணைந்து வெதுவெதுப்பாக இருந்த ஒரு நாள், அதன் உள்ளே சாம்பலோடு சாம்பலாகக் கண் திறக்காமல் கிடந்த குட்டியை நான்தான் வெளியே எடுத்தேன். தாய்ப்பூனை திரும்பி வரவே இல்லை. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து சொட்டு மருந்துக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து பால் புகட்டினேன். மாலையில் நான் கணக்குப்பதிவு வகுப்புக்குப் போகிறேன். வீடு திரும்பிப் பாடத்தை விரித்தால், விரித்த பக்கத்தின் மேலேயே மோஷ் படுத்துக்கொள்ளும். அதன் வாலுக்கு இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று படிக்க எனக்குப் பழகிவிட்டது.

குடிபோன நாளில் அம்மா எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். முதலில் ரொட்டியும் உப்பும் உள்ளே போயின. பழைய துடைப்பத்தைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டார். தரையில் விரிக்கும் மெத்தைகள் எல்லாவற்றையும் முன்னதாகவே பிரித்து, உறைகளைத் தோய்த்து, பஞ்சை அடித்து வெயிலில் காயவைத்துப் புதிதாகத் தைத்திருந்தார். பழைய வீட்டின் அழுக்குப் புது வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் கட்சி. கடைசியாகத் தகர வாணலியில் இஸிரிக் என்னும் விதையோடு காய்ந்த மூலிகைக் கொத்தைப் போட்டுக் கொளுத்தி, மூலை மூலையாகப் புகை காட்டினார். இஸிரிக் புகைக்குக் கண்ணேறு அண்டாது. எங்கள் ஊரில் கல்யாணமானாலும் காய்ச்சலானாலும் அதுதான்.

மோஷ் என் மடியில் தலையணை உறைக்குள் வந்து சேர்ந்தது. அலமாரி தூக்குகிற உறவினர்களும் புகையும் சத்தமுமாக இருந்த நடுக்கூடத்தில் உறையை அவிழ்த்தேன். அது வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் குளியலறைக்குள் போனது. தொட்டியின் பக்கவாட்டில் ஓடு பதித்த மறைப்பு இருந்தது. குழாய் ரிப்பேர்காரர் கை விடுவதற்கென்று அதில் ஒரு சின்னச் சதுரத் திறப்பு. அதன் வழியாக நுழைந்து தொட்டிக்கு அடியில் போய்விட்டது. உறையை நான் அங்கே அவிழ்த்திருக்கக் கூடாது என்று அன்றே தோன்றியது. வேறெங்கே அவிழ்த்திருக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அதன்பின் நாங்கள் பார்க்க அது வெளியே வரவில்லை. தண்ணீர் மட்டும் குறைந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு தட்டில் மண் அள்ளிவந்து வைத்தேன், அதைப் பயன்படுத்தியது. சாப்பாட்டைத்தான் தொடவில்லை. ஈரல் வைத்தேன், தயிர் வைத்தேன், டப்பா மீன் வைத்தேன். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தானே எது காரணம் என்று தெரியும்? கிண்ணத்தை மாற்றினேன். பிறகு கிண்ணத்தின் இடத்தை மாற்றினேன். குளியலறைத் தரையில் உட்கார்ந்து என் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். திறப்பின் இருட்டில் இரண்டு கண்கள் தெரியும். லிஃப்ட் சத்தம் கேட்டதும் அவையும் மறைந்துவிடும்.

இதற்கு நடுவில் புது வீடு பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எதிர் வீட்டு முகர்ரம் அக்காதான் முதலில் வந்தார். ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவர், குரல் தெருமுனை வரை போகும்.

"அடி ஆத்தி, என்ன வெளிச்சம்! எங்க வீட்டு ஜன்னல் கிணத்துக்குள்ள பாக்கற மாதிரி இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி இந்தப் பக்கம் குடுத்தாங்க?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டதுதானே" என்றார் அம்மா. முகம் அப்போதே மாறிவிட்டது.

"அதிர்ஷ்டக்காரி. சரி, ஏதோ பூனை இருக்குன்னு சொன்னாங்களே, எங்க?"

"தொட்டிக்கு அடியில" என்றேன்.

"ஏன், இன்னும் குடியிருப்புப் பதிவு ஆகலையாமா? போலீஸ் வந்து பிடிச்சிடும்னு ஒளிஞ்சிருக்கா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குளியலறைக்குள் வந்து குனிந்து, "பிஷ், பிஷ், பிஷ்!" என்று தன் முழுக் குரலில் கூப்பிட்டார். அந்தக் குரலுக்கு நானாக இருந்தாலும் வெளியே வந்திருக்க மாட்டேன்.

அவர் போய்க் கதவு சாத்தியதும் அம்மா வாணலியை எடுத்தார். ஒவ்வொருவரும் வந்து போனபின் அதே வேலைதான். ஒருத்தி குழாயைப் புகழ்வாள், ஒருத்தி தரையைப் புகழ்வாள். அவர்கள் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் உள்ளே இஸிரிக் வெடிக்கும் சத்தம் கேட்கும்.

பிறகு ஒரு நாள் நான் குளியலறையிலிருந்து தொடாத கிண்ணத்தோடு வெளியே வந்தபோது அம்மா சொன்னார்:

"ஹிலோலா, போதும்மா. துர்கூன் மாமாகிட்டப் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றான். அவன் தோட்டத்துல விட்டுடலாம்."

துர்கூன் மாமா அம்மாவின் தம்பி. பார்கெந்த் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார்.

"அங்க நாய் இருக்கும்மா. ரெண்டு நாய்."

"இங்க பட்டினி இருக்கே. நீ உள்ள கைவிட்டுத் தடவிப் பாத்தியா? முதுகெலும்பு கைல குத்துது. எனக்கு மட்டும் ஆசையா? சாகறதைப் பாத்துட்டு இருக்கறதுக்கு, மண்ணுலயாவது நடக்கட்டும்."

அம்மா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மருந்துக்கடைக்கு வந்த ஒரு கால்நடை மருத்துவரிடமும் கேட்டேன். பூனை நாள்கணக்கில் சாப்பிடாமல் இருந்தால் ஈரல் கெட்டுவிடும் என்று அவரும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது சாப்பிட வேண்டும், இல்லையென்றால் போய்விடும். நான் வளர்த்த குட்டியை நாய்கள் இருக்கும் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டிவரும்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவோரம் ஏதோ அசைந்தது. மோஷ் வெளியே வந்து நின்றது. கழுத்தை நீட்டி நிலைச்சட்டத்தை மோந்து பார்த்து, கன்னத்தை அதில் அழுத்தித் தேய்த்தது, ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி. பிறகு நடைவழியின் மூலை வரை வந்து அங்கேயும் தேய்த்தது. நான் ஒரு காலில் செருப்போடு அசையாமல் நின்றேன். பேருந்தை விட்டுவிட்டேன். அன்று முழுக்கக் கடையில் எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு மருந்து கொடுத்தேன்.

வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் வீடு பனி மூட்டம் மாதிரி இருந்தது. அப்பாவின் லாரி நிலையத்து ஆட்களுடைய மனைவிமார் வந்து போனார்களாம். மோஷ் பழையபடி தொட்டிக்கு அடியில், கைக்கு எட்டாத கோடியில். விருந்தாளிகளைக் கண்டு பயந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அடுத்த நாள் யாரும் வரவில்லை. எனக்கு விடுமுறை. மோஷ் மறுபடி வந்து அதே நிலைச்சட்டத்தில், அதே மூலையில் கன்னத்தைத் தேய்த்தது. இந்த முறை சமையலறை வாசல் வரை போனது. மத்தியானம் அம்மாவின் தோழி ஒருத்தி தொலைபேசியில் பேசினாள். வீடு எப்படி, வெந்நீர் வருகிறதா, கொடுத்து வைத்தவள் என்றெல்லாம் நெடுநேரம் பேசினாள். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வாணலியைப் பற்றவைத்தார்.

"போன்லயும் கண்ணு படுமாம்மா?"

"அவ கண்ணு கம்பி வழியாவும் வரும். உனக்குத் தெரியாது."

புகை தணிந்தபின் மோஷ் எட்டிப் பார்த்தது. நான் நடைவழியில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தேன். அது தான் தேய்த்த நிலைச்சட்டத்திடம் வந்து மூக்கை வைத்தது. மூக்கில் யாரோ தட்டியது போலப் பின்வாங்கியது. மறுபடி மோந்து பார்த்தது. பிறகு முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்டதைப் போல, சத்தமில்லாமல் திரும்பித் திறப்புக்குள் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது என் வீடு என்று அது கன்னத்தால் எழுதி வைக்கிறது. அம்மா அதன் மேல் புகையை ஏற்றி அழித்துவிடுகிறார். மெத்தைகளில் மிச்சமிருந்த பழைய வாசனையையும் தோய்த்தாகிவிட்டது. இந்த வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனை என்று எதுவுமே இல்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் சற்று நேரம்தான் இருந்தது. பழைய வீட்டிலும் அம்மா புகை போட்டார். அங்கே மோஷ் அதைச் சட்டை செய்ததே இல்லை. அப்படியானால் நான் நினைப்பது தப்பா? அடுத்த நாள் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். இறங்கும் இடத்துக்கு முன்னால்தான் பழைய முற்றத்தின் மேலே தெரிந்த வானம் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனதும் பேச்சை ஆரம்பித்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற மாதிரிதான் சொல்லப் போற. சொல்லு."

"கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள்ள புகை போடாம இருப்போமா?"

நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அம்மா கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

"இதை மருந்துக்கடையில சொல்லிக் குடுத்தாங்களா, கணக்கு வகுப்புலயா?"

"எங்கயும் இல்ல. நானாப் பாத்தேன். தப்பாக்கூட இருக்கலாம்."

"தப்பாக்கூட இருக்கலாம்னு நீயே சொல்ற. உங்கப்பா மலைப்பாதையில லாரி ஓட்டிட்டு இருக்காரு. அந்த லாரி வாங்கின வாரம் ஒருத்தன் வந்து ஆஹா ஓஹோன்னான், பிரேக் போச்சு. மறந்துட்டியா? இங்க வர்றவ ஒவ்வொருத்தியும் ஜன்னலைப் பாக்கறா, குழாயைப் பாக்கறா. ஒரு பூனைக்காக வீட்டைக் கண்ணுக்குத் தொறந்து போட்டுட்டு உக்காரணுமா நான்?"

"இல்லம்மா..."

"பழைய வீட்டுல போடலையா? அப்ப மகாராணி அடுப்பு மேடையில காலை நீட்டிப் படுத்திருந்தாளே!"

"அங்க நடுவுல வானம் இருந்துச்சு. புகை மேல போயிடும். இங்க ஜன்னலைச் சாத்தினா எறும்பு விடற மூச்சுகூட வெளிய போகாது. திரைச்சீலையில இன்னும் நேத்துப் புகை இருக்கு, மோந்து பாருங்க."

அம்மா மோந்து பார்க்கவில்லை. மடித்த துணிகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார். "எனக்கு அது வேணும்."

"எது?"

"அந்த வாசனை. காலையில கண்ணைத் தொறந்தா பெயின்ட் நாத்தம். யார் வீட்டுலயோ விருந்தாளியாப் படுத்திருக்கற மாதிரி இருக்கு. எழுந்து போய்த் தேநீர் போடலாமா, யாரையாவது கேக்கணுமான்னு ஒரு நிமிஷம் தோணுது. சிரிக்காத. புகை போட்டா கொஞ்ச நேரம் நம்ம வீடு மாதிரி இருக்கு. போன்ல பேசினாலும் கண்ணு படும்னு சொன்னேனே, அதெல்லாம் ஒரு சாக்கு."

நான் சிரிக்கவில்லை. அம்மா சொல்லக்கூடிய எல்லா மறுப்புக்கும் பேருந்திலேயே பதில் தயார் செய்திருந்தேன். அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். வெறுமனே மனதில் வந்ததைச் சொன்னேன்:

"அப்ப புலாவ் பண்ணுங்களேன். நாம வந்ததுலேருந்து இந்த வீட்டுல ஒரு தடவைகூட வெங்காயம் வதக்கலை."

அது உண்மை. புதுத் திரைச்சீலையில் எண்ணெய் வாசனை ஏறிவிடும், புது ஓட்டில் பிசுக்குப் படியும் என்று அம்மா தினமும் சூப் வைத்தார், அல்லது கடையில் சம்சா வாங்கினார்.

"திரைச்சீலை?"

"தோய்ச்சுக்கலாம்."

"யாரு, நீயா?"

"நான்தான்."

"சரி, அது இருக்கட்டும். வர்றவங்க கண்ணுக்கு என்ன பண்ண?"

"வெளியில, படிக்கட்டுகிட்டயே போடலாம். அவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி."

"வர்றவங்க மூஞ்சிலயா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"காய்ச்சல் பரவுதுன்னு சொல்லிக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பரவத்தாம்மா செய்யுது. எங்க கடையில பாரசிட்டமால் தீந்து போச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை காலை பருத்திக்கொட்டை எண்ணெய் காய்ந்தது. வெங்காயம் விழுந்தது, ஆட்டிறைச்சி விழுந்தது, கேரட் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நடைவழி முழுக்க பழைய வீட்டில் புலாவ் வேகும் வெள்ளிக்கிழமைகளின் வாசனை. நான் இரண்டு நாளாகத் தோய்க்காமல் போட்டிருந்த என் கம்பளிச் சட்டையைக் கழற்றித் திறப்புக்கு முன்னால் விரித்துவைத்தேன். அது உதவுமா என்று தெரியாது. தீங்கு செய்யாது என்று மட்டும் தெரியும்.

மத்தியானம் முகர்ரம் அக்கா தன் மருமகளோடு வந்தார். அம்மா கதவைத் திறந்து வெளியே போய், வாணலியோடு படிக்கட்டுத் தளத்தில் நின்றார்.

"என்ன சவோதத், நாங்க என்ன பூச்சி அரிச்ச கம்பளமா?"

"காய்ச்சல் பரவுதாம் அக்கா. ஹிலோலா கடையில மருந்தே இல்லையாம்."

"அப்படியா? அப்ப முதுகுப் பக்கமும் காட்டு, மூட்டுவலி வேற இருக்கு." அவர் கையை விரித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். "இவளுக்கும் காட்டு. வாய்கிட்ட ரொம்ப நேரம் காட்டு, அங்கதான் எல்லா வியாதியும்."

"அத்தை முடிச்சதும் எனக்குக் காட்டினாப் போதும்" என்றாள் மருமகள். "அவங்களுக்கு முடிய சாயங்காலம் ஆகும்."

கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் சத்தம் கேட்டு ஏறிவந்து, தனக்கும் தன் பேரனுக்கும் புகை காட்டச் சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் சட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்த இறைச்சித் துண்டுகளில் ஒன்று காணாமல் போயிருந்தது. மோஷ்தான் தின்றதா, நான் சரியாக எண்ணி வைக்கவில்லையா? ஒன்று போதாது என்றும் தோன்றியது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை துர்கூன் மாமா வந்தார். கையில் மூடி போட்ட திராட்சைப் பெட்டி, கட்டுவதற்குக் கம்பி. கதவு விரியத் திறந்திருக்க, படிக்கட்டுத் தளத்திலேயே அம்மா அவரை நிறுத்தினார்.

"ஏய், என்னையுமா? நான் உன் கூடப் பொறந்தவன்!"

"உன் கண்ணுக்குத்தான் முதல்ல போடணும். எங்க ஆட்டை நல்லா கொழுத்திருக்குன்னு சொன்ன, மறுநாளே செத்துப் போச்சு."

"அது கிழட்டு ஆடு அக்கா! சாகறதுக்குன்னே வாங்கினீங்க!"

இருவரும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். நான் தேநீர் ஊற்றினேன். பெட்டியையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் கோப்பை நிரம்பி வழிந்தது. மாமா புலாவை ஒரு வாய் அள்ளிக்கொண்டு, "எங்க நம்ம நோயாளி? எடுத்துட்டு வா, பாப்போம்" என்றார்.

குளியலறைக்குப் போய்த் திறப்பில் கைவிளக்கைக் காட்டினேன். கோடிவரை பார்த்தேன். தொட்டிக்கு அடியில் ஒன்றும் இல்லை.

கதவு அவ்வளவு நேரம் திறந்தே இருந்தது. வெளியில் புகை போடலாம் என்றது நான்தான்.

செருப்புக்கூடப் போடாமல் படிகளில் இறங்கினேன். ஒவ்வொரு தளத்திலும் "பிஷ், பிஷ்" என்று கூப்பிட்டேன். முகர்ரம் அக்கா தன் வாசலிலிருந்து, "என்னடி ஆச்சு?" என்றார். சொன்னதும் அவர் நேரே மேல்மாடிக்கு ஏறினார். கீழே முற்றத்தில் கார்களுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன். எங்கள் பழைய தெரு எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை. மோஷுக்குத் தெரிந்திருந்தாலும் அங்கே இப்போது கல்லும் மண்ணும்தான். நான் ஒழுங்காக யோசித்துச் செய்ததெல்லாம் சேர்ந்து அதை வெளியே துரத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டே மறுபடி ஏறினேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தார். விரலை உதட்டில் வைத்து, "வா" என்று தலையசைத்தார்.

நடைவழியின் கடைசியில் அம்மாவின் அறை. அங்கே சுவரோரம் மெத்தைகள் கிட்டத்தட்ட கூரைவரை அடுக்கியிருக்கும். அந்த அடுக்கின் உச்சியில் மோஷ் படுத்திருந்தது. முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு, அரைக்கண்ணால் எங்களைப் பார்த்தது. குளியலறையிலிருந்து அந்த அறைக்கு வர, சமையலறை வாசலையும் நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கூடத்தையும் அது கடந்திருக்க வேண்டும். அதுவும் நாங்கள் யாரும் பார்க்காமல். அம்மாவுடைய கட்டில் காலில், அது கன்னம் தேய்க்கும் உயரத்தில், கொஞ்சம் ரோமம் ஒட்டியிருந்தது.

"இதையா எலும்பும் தோலுமா இருக்குன்னு சொன்ன?" மாமா எனக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ராணி மாதிரி இருக்கே! கண்ணைப் பாரு, என்ன பச்சை..."

"வாயை மூடு!" அம்மா உண்மையாகவே அவர் வாயைக் கையால் பொத்தினார். மறு கை வாணலி இருக்கும் பக்கம் நீண்டு, பாதியில் நின்றது. "தூ, தூ. ராணியாம் ராணி. காது கிழிஞ்ச கழுதை. சாம்பல்ல பொறந்த சனியன். உன் தோட்டத்து எலிகூட இதை மதிக்காது."

"அப்ப பெட்டி?"

"பெட்டியை எடுத்துட்டுப் போ. வெறும் பெட்டியா அனுப்ப மாட்டேன், உன் பொண்டாட்டிக்கு ரொட்டி வைக்கறேன்."

"பூனை வாங்க வந்தவனுக்கு ரொட்டி. சரிதான்" என்று மாமா மறுபடி புலாவிடம் போய் உட்கார்ந்தார். நான் படிக்கட்டுக்கு ஓடி, மேல்மாடியில் இன்னமும் "பிஷ், பிஷ்" என்று முழங்கிக்கொண்டிருந்த முகர்ரம் அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

மோஷ் முற்றிலும் பழகிவிட்டது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. லிஃப்ட் சத்தத்துக்கு இன்னும் தொட்டிக்கு அடியில் ஓடுகிறது. சில நாள் கிண்ணத்தில் பாதி மிச்சம் வைக்கிறது. மலைப்பாதையிலிருந்து திரும்பிய அப்பாவின் டீசல் வாசனையைக் கண்டு ஒரு சாயங்காலம் முழுக்கச் சீறியது. நான் நினைத்ததுதான் காரணமா, நாளானதால் தானாகவே சரியானதா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

ஆனால் நேற்று வகுப்பு முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சமையலறையிலிருந்து அம்மா யாரையோ திட்டும் சத்தம் கேட்டது.

"இறங்கு! சொல்றேன்ல, இறங்கு! மாவு பிசையற இடத்துல வாலை வைக்காதே. நேத்துத் திரைச்சீலை, இன்னிக்கு மேசையா? இது யார் வீடுன்னு நெனச்சிட்டு இருக்க நீ?"

எட்டிப் பார்த்தேன். மேசையின் ஓரத்தில், மாவுத் தட்டுக்குப் பக்கத்தில், மோஷ் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. இறங்கும் எண்ணம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.